குரங்குகளின் வாதமும் வெறிநாய்க்கடி ஊசியும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நம் நாட்டில் பல தலைமுறையினர் நேரில் அறிந்த செய்தி. ஊசிக்குப் பயந்து கடியையே மறைத்த சிறுவர்கள் உண்டு. பதினான்கு நாளும் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்து உயிர் பிழைத்தவர்கள் அவர்களைவிட மிகப் பலர். ஆனால் அவ்வூசியைப் போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. சிகிச்சை முடியும் தறுவாயிலோ, முடிந்து சில நாள்கள் சென்றோ, அவர்களுக்குக் கால்கள் துவளும், சிறுநீர் கட்டும், சிலருக்குக் கண் மங்கும், சிலர் நினைவிழந்து மாண்டும் போவர். வெறிநோய் வந்துவிட்டதோ என்று பார்த்தால் அதன் அடையாளங்கள் இரா. கடித்த நாய் நலமாகத் திரிந்த இடங்களிலும் இது நிகழ்ந்ததுண்டு. காக்க வந்த மருந்தே வாதத்தைக் கொடுத்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண வைத்தியர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. விடையை முதலில் காட்டியவை நியூயார்க் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வளர்ந்த சில குரங்குகள்.

கதையின் தொடக்கம் பாரிஸ் நகரில். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தாம் கண்ட தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தச் செய்தார். வெறிநோய்க் கிருமியை முயலுக்கு ஏற்றி, அந்த முயலின் தண்டுவடத்தை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி, உலர உலரக் கிருமியின் வேகம் தணிவதைப் பயன்படுத்திக்கொண்டார் அவர். நன்றாக உலர்ந்ததை முதலிலும், அவ்வளவு உலராததைப் பின்னரும் கரைத்து நாள்தோறும் செலுத்துவது அவரது முறை. சிறுவன் பிழைத்தான். உலகெங்கும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரிலும் அவை ஏற்பட்டன. கசௌலி நிலையத்தின் முதல் இயக்குநரான டேவிட் செம்பிள், 1911-ஆம் ஆண்டில் மருந்து செய்யும் முறையை மாற்றியமைத்தார். ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதைக் கொன்று, அம்மூளையைக் கரைத்து ஊசி மருந்தாக்கினார். மலிவு, எளிமை, நெடுந்தூரம் அனுப்பும் வசதி ஆகிய இம்மூன்றாலும் செம்பிள் மருந்து இந்தியா முழுவதும் பரவிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்டர் காலத்து மருந்தாயினும் செம்பிள் மருந்தாயினும், ஊசிக் குழாயில் இருந்த பொருளில் கிருமி மிகச் சிறு பகுதியே. எஞ்சியது மூளை அல்லது தண்டுவடம். அதாவது வேறொரு பிராணியின் நரம்புத் தசை. வெறிநோய்க் கிருமி நரம்பில் வாழும் கிருமியாதலால், அதை வளர்ப்பதற்கு அந்நாளில் நரம்பைவிட ஏற்ற இடம் கிடைக்கவில்லை. எனவே கிருமியை வேண்டியவர் மூளையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வாத நிகழ்ச்சிகளைப் பற்றிய வழக்கு இரு கட்சியாகப் பிரிந்தது. மருந்திலுள்ள வேகம் தணிந்த கிருமியே சிலரிடத்தில் விழித்தெழுந்து நோய் செய்கிறது என்றனர் ஒரு சாரார். கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து ரெம்லிங்கே போன்றவர்கள் 1905-ஆம் ஆண்டளவிலேயே இந்நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பிறகு, கிருமியை அறவே கொன்ற மருந்திலும் வாதம் நிகழ்வது கண்டபோது, குற்றம் கிருமியினுடையதன்று, அதனைச் சுமந்து வந்த மூளைப் பொருளினுடையதே என்ற ஐயம் வலுத்தது. மாண்டவர்களின் மூளையைச் சோதித்தபோது, சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் குழுமியிருந்தன; அவ்விடங்களில் நரம்பின் வெளியுறை கரைந்து போயிருந்தது. இதே காட்சி தட்டம்மைக்குப் பின்னும், அம்மை குத்திக்கொண்ட பின்னும் அபூர்வமாக வரும் மூளை அழற்சியிலும் காணப்பட்டது. மூன்று வெவ்வேறு காரணங்களுக்குப் பின் ஒரே வகைச் சிதைவு தோன்றுமானால், சிதைப்பவன் மூன்று கிருமிகளுக்கும் பொதுவான நாலாமவனாக இருக்க வேண்டுமல்லவா?

அந்த நாலாமவனைத் தேடியவர் நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ரிவர்ஸ். அவர் கிருமி நுண்ணுயிர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஆகையால், கிருமியே இல்லாமல் இந்நோயை உண்டாக்க முடியுமா என்று அவர் கேட்டது சிறப்புடையது. அவர் எடுத்துக்கொண்ட பிராணி ரீசஸ் குரங்கு. வடநாட்டுக் கோயில்களிலும் புகைவண்டி நிலையங்களிலும் கூட்டங் கூட்டமாகத் திரியும் செம்முகக் குரங்கு அதுதான். தென்னாட்டில் நாம் காணும் நாட்டுக் குரங்குக்கு நெருங்கிய உறவு. அந்நாளில் அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இவ்வினக் குரங்குகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே கப்பலேறின. 1978-ஆம் ஆண்டில்தான் நம் அரசாங்கம் அவ்வேற்றுமதியை நிறுத்தியது.

ரிவர்ஸும் அவருடைய துணைவர்களும் நோயற்ற முயல்களின் மூளையைத் தூய முறையில் எடுத்துக் கரைத்துக் குரங்குகளின் தசையில் செலுத்தினர். ஒரு முறை இரு முறையன்று. மாதக்கணக்கில், பல பத்து முறை. 1933-இல் வெளியான அவர்களது முதல் அறிக்கையின்படி, எட்டுக் குரங்குகளில் இரண்டுக்குக் கைகால் தளர்ச்சியும் தள்ளாட்டமும் கண்டன. இரண்டு என்பது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லத் தக்க எண். ஆகவே அவர் ஷ்வென்ட்கர் என்பவருடன் மறுபடியும் முயன்றார். 1935-ஆம் ஆண்டு அறிக்கையில் எட்டுக் குரங்குகளில் ஏழின் மூளையில் சிதைவு காணப்பட்டது. ஒப்பு நோக்குவதற்காக வைத்திருந்த வேறு எட்டுக் குரங்குகள் நலமாகவே இருந்தன.

குரங்குக்கு வாதம் வந்தால் இளம்பிள்ளை வாதக் கிருமியோ வேறு கிருமியோ உட்புகுந்திருக்கலாம் என்ற ஐயம் எழுவது இயல்பு. அதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நோயுற்ற குரங்கின் மூளைத் துணுக்குகளை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்தனர், ஒன்றும் முளைக்கவில்லை. அவற்றை வேறு குரங்குகளுக்கும், முயல்களுக்கும், கினிப் பன்றிகளுக்கும், வெள்ளெலிகளுக்கும் மூளைக்குள்ளேயே செலுத்தினர். எதற்கும் நோய் தொற்றவில்லை. கிருமி இல்லை, தொற்று இல்லை, ஆயினும் நோய் உண்டு. ஆராய்ச்சியில் ‘இல்லை’ என்ற விடையைப் பெறுவதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். இந்தக் குரங்குகளின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் மதிப்புத் தோன்றுவது இந்தப் பகுதியே.

ஆனால் மாதக்கணக்கில் ஊசி போட்டுக் காத்திருக்கும் முறையை வைத்துக்கொண்டு மேலே ஆராய்வது எளிதன்று. அத்தடையை நீக்கியது ஜூல்ஸ் ஃப்ராயண்டு என்பவர் கண்ட ஓர் உபாயம். பாரபின் எண்ணெயில், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளைச் சேர்த்து, அதனுடன் எந்தப் பொருளைக் குழைத்துச் செலுத்தினாலும், அப்பொருளின்மீது உடலின் எதிர்ப்புச் சக்தி பன்மடங்கு சீற்றம் கொள்ளும். 1940-களின் பிற்பகுதியில் எல்வின் கபாட், உல்ஃப், பெஸர் ஆகியோர் ஓரிடத்திலும், இசபெல் மார்கன் என்னும் பெண்மணி மற்றோரிடத்திலும், இக்கலவையுடன் மூளைப் பொருளைக் குழைத்து ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினர். பல பத்து ஊசிகள் செய்த வேலையை இப்போது ஒன்று முதல் மூன்று ஊசிகளே செய்துவிட்டன. சில வாரங்களில் குரங்குகள் தள்ளாடின. கண்கள் தாமாக அசைந்தாடின. சிலவற்றுக்குப் பார்வை போயிற்று. சிலவற்றுக்கு முகமும், சிலவற்றுக்கு உடலின் ஒரு பாதியும் விளங்காமற் போயின.

இதற்குப் பின்னரே வினாவின் ஆழம் வெளிப்பட்டது. முயல் மூளை குரங்குக்கு அயல் பொருள். அதை உடல் எதிர்ப்பது புதுமையன்று. அப்படியானால் குரங்கின் மூளையையே குரங்குக்குச் செலுத்தினால்? அப்போதும் நோய் வந்தது. இன்னும் ஒரு படி மேலே சென்றார் கபாட். குரங்கின் மூளையில் முன்பகுதியிலிருந்து ஒரு துண்டை அறுவை செய்து எடுத்து, அதே குரங்குக்கு அதன் சொந்த மூளையையே கலவையுடன் செலுத்தினார். அதற்கும் நோய் வந்தது. இதற்குமேல் அயல் பொருள் என்று எதைச் சுட்ட முடியும்? தன்னைக் காக்கும் படை தன் வீட்டையே தாக்கியது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. உடல் தன்னைத் தானே விஷமாக்கிக்கொள்ள அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கூறியிருந்தார். அச்சம் உண்டு, ஆனால் அதை மீறும் வழியும் உண்டு என்று குரங்குகள் காட்டின.

மூளை முழுவதுமா பகைப் பொருள்? முயலின் நுரையீரலைச் செலுத்தினால் ஒன்றும் நேரவில்லை. பிறவாத முயற்குட்டியின் மூளையைச் செலுத்தினாலும் ஒன்றும் நேரவில்லை. வளர்ந்த முயலின் மூளைக்கு மட்டுமே அந்த ஆற்றல் இருந்தது. இவ்விரண்டு மூளைகளுக்கும் உள்ள வேற்றுமை யாது? மையலின். மின்சாரக் கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்பு இழைகளின்மேல் சுற்றியிருக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த வெண்ணிற உறை அது. கருவிலுள்ள குட்டியின் மூளையில் அது இன்னும் படிந்திராது. அவ்வுறையுள்ள தடித்த இழையில் செய்தி விநாடிக்கு நூறு மீட்டர் அளவுக்கும் ஓடும். உறையற்ற மெல்லிய இழையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே ஊரும். ஓடிப் பழகிய இழையில் உறை கரைந்தால், செய்தி தயங்கும், தடைப்படும். நரம்பு அறுபடாமலே கால் நடக்க மறக்கும். கண் நலமாயிருந்தும் காட்சி மறையும். மையலினில் உள்ள புரதங்கள் ஆட்டுக்கும் முயலுக்கும் குரங்குக்கும் மனிதனுக்கும் பெரிதும் ஒத்திருப்பவை. ஆட்டின் மூளையைக் கண்டு பகை கொள்ளக் கற்ற படை, மனிதனின் மூளையையும் பகையென்று எண்ணுவதன் காரணம் இதுவே.

தாக்குபவர் யார் என்பது அடுத்தபடி தெரிந்தது. 1960-இல் ஃபிலிப் பாட்டர்சன், நோயுற்ற எலியின் நிணநீர் முடிச்சுகளிலுள்ள உயிரணுக்களை நலமுள்ள எலிக்கு மாற்றி, நோயையும் உடன் மாற்றினார். ஆகவே கருவி, வெள்ளணுக்களில் ஒரு பிரிவினராகிய நிணவணுக்கள். அவர்களுள்ளும் நெஞ்சுக் கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வரும் டி அணுக்களே முதல்வர் என்பது பின்னர் உறுதியாயிற்று. சொந்த உடலைப் பகைக்கும் அணுக்களை அந்தச் சுரப்பி இயன்றவரை களைந்துவிடுகிறது. இயன்றவரை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதை விளக்கிய பரிசோதனை 1994-இல் வெளியாயிற்று. அதிலும் குரங்கே பாத்திரம். பிரேசில் நாட்டுக் காடுகளில் மார்மோசெட் என்னும் அணிலளவான சிறு குரங்கு உண்டு. அது வழக்கமாக இரட்டைக் குட்டிகளை ஈனும். கருவிலேயே இரட்டையரின் இரத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ஒன்றின் வெள்ளணுக்களை மற்றொன்று அயலாகக் கொள்ளாது. ஆராய்ச்சியாளர்கள் நோயே இல்லாத, ஊசியே போடாத ஒரு மார்மோசெட்டின் இரத்தத்திலிருந்து மையலின் புரதத்தைப் பகைக்கும் டி அணுக்களைப் பிரித்தெடுத்துப் பெருக்கி, அதன் இரட்டைப் பிறவிக்குச் செலுத்தினர். அதற்கு மூளை அழற்சி உண்டாயிற்று. எனவே பகையணுக்கள் நலமுள்ள உடலிலேயே உறங்கிக் கிடக்கின்றன. மனிதர் இரத்தத்திலும் அத்தகைய அணுக்கள் உண்டு. அவற்றை எழுப்புவது எது என்பதே நோயாளிக்கும் நலமுள்ளவருக்கும் நடுவேயுள்ள வேற்றுமை. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டவருக்கு நாள்தோறும் ஏறிய ஆட்டு மூளை அவற்றை எழுப்பிற்று. 1987-இல் தாய்லாந்து நாட்டில் செம்பிள் மருந்துக்குப் பின் நரம்பு நோயுற்றவர்களைச் சோதித்தபோது, அவர்களிடம் மையலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் காணப்பட்டன. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் குரங்குகளிடம் கண்டது மனிதரிடமும் உண்மையாயிற்று.

மேல்நாடுகளில் பெருவாரியாகக் காணப்பட்டு, நம் நாட்டிலும் இன்று அடிக்கடி அறியப்படும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ்’ என்னும் நோயிலும் மையலினே சிதைகிறது. ஆதலால் குரங்கு நோயை அதற்கு ஒரு மாதிரியாக வைத்து ஆராய்ந்தனர். இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தில் 1960-களில், மையலின் புரதத்தைப் போன்ற செயற்கைப் பொருள்களைச் செய்து, அவை நோயை உண்டாக்குமா என்று பார்த்தனர். அவை நோயை உண்டாக்கவில்லை. உண்டான நோயை அடக்கின! கிளாட்டிரமர் என்னும் அம்மருந்து பின்னர் குரங்குகளிடமும் சோதிக்கப்பட்டு, 1996-இல் அமெரிக்காவில் மனிதர்க்கு அனுமதி பெற்றது. ஆயினும் மாதிரி மாதிரிதான். ஊசியால் எழுப்பிய நோயும் தானே எழுந்த நோயும் முற்றும் ஒன்றல்ல. பிராணிகளிடம் பயன் தந்த வேறு சில மருந்துகள் மனிதரிடம் நோயை மிகுவித்தும் இருக்கின்றன. குரங்கு நடந்துவிட்டது, ஆகவே மனிதனும் நடப்பான் என்று பத்திரிகைகளில் எழுதுவோர் இதை நினைவில் வைத்தல் நலம்.

இனி ஊசி மருந்துக்குத் திரும்புவோம். கருவிலுள்ள குட்டியின் மூளை குற்றமற்றது என்ற குறிப்பு வீண்போகவில்லை. சிலி நாட்டைச் சேர்ந்த ஃபுயென்சலிடா, பலாசியோஸ் ஆகியோர் 1955-இல், பிறந்து சில நாள்களே ஆன எலிக்குஞ்சின் மூளையில் கிருமியை வளர்த்து மருந்து செய்தனர். மையலின் மிகக் குறைவு, வாதமும் அபூர்வமாயிற்று, எனினும் அறவே ஒழியவில்லை. கைகால்களுக்குச் செல்லும் வெளி நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே என்னும் வகையில் அது சில இடங்களில் தலைகாட்டிற்று. அதன்பின், மூளையே வேண்டாம், கண்ணாடிப் பாத்திரத்தில் வளரும் உயிரணுக்களில் கிருமியை வளர்ப்போம் என்ற வழி பிறந்தது. 1960-களிலும் 70-களிலும் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டர் நிலையத்தில் மனித உயிரணுக்களில் வளர்த்த மருந்து உருவாயிற்று. மூளை இல்லை, ஆகவே மையலின் இல்லை. அத்துடன் பதினான்கு ஊசிகளும் வயிற்றை விட்டகன்றன. ஐந்துக்கு மேற்படாத ஊசிகள் தோளுக்கு வந்தன.

நம் நாடு அந்த மாற்றத்தைப் பெற நெடுநாள் ஆயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் மூளை மருந்தை விடும்படி பலகாலம் வற்புறுத்தி வந்தும், ஆட்டு மூளை மருந்தின் மலிவு அதை நம்மிடம் நிறுத்தி வைத்திருந்தது. வாதத்துக்கு ஆளானவர்கள் நூற்றுக்கணக்கானோரில் ஒருவர் என்றும், ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் என்றும் கணக்குகள் இடத்துக்கிடம் மாறுபட்டன. ஒருபுறம் வெறிநோய், அது தோன்றிவிட்டால் சாவு ஏறத்தாழ நிச்சயம். மறுபுறம் இந்தச் சிறு அபாயம். அக்காலத்து வைத்தியர் ஊசியையே போடச் சொன்னது சரியே. ஆனால் அபாயமில்லாத ஊசி உலகில் வந்த பிறகும், ஏழையின் வயிற்றில் மட்டும் ஆட்டு மூளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏறிக்கொண்டிருந்ததைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

பழைய ஊசியின் பெயரைக் கேட்டு, வாதம் வருமோ என்று இன்றும் அஞ்சித் தயங்குவோர் உண்டு. அவர்கள் அஞ்சுவது இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஒரு மருந்தை. கடிபட்ட இடத்தை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்வதில் அந்தப் பழைய ஆபத்துக்கு இடமே இல்லை.

இப்போது நமக்குக் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானது வீரோ என்னும் உயிரணுக்களில் வளர்க்கப்படுகிறது; குன்னூர் நிலையமும் அவ்வழிக்கு மாறியது. 1962-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சிபா பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட அவ்வணுக்கள் அன்று முதல் இடைவிடாமல் பெருகி வருகின்றன. அவற்றை எடுத்தது ஒரே ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து.